யாழ்ப்பாணத்தில் பால்புதுமையினர் வரலாற்றுக் கண்காட்சி: எதை வைப்பது, எப்படிச் சேகரிப்பது

கேள்வி சுருக்கமாக இது: யாழ்ப்பாணத்தில் ஒரு சிறு குழு, பால்புதுமையினர் (ஓர்பாலீர்ப்பினர், திருநர் முதலானோர்) உரிமைப் போராட்டங்களின் வரலாற்றைத் தமிழில் பன்னிரண்டு பலகைகளாக வைக்க நினைக்கிறது. முதற் பலகை 1969இல் நியூயோர்க்கில் நடந்த ஸ்டோன்வோல் கலகமாக இருக்கலாமா? இலங்கைக்கு எந்த ஆண்டுகளைப் போடுவது? ‘யாழ்ப்பாணம்’ என்று தலைப்பிட்ட பலகைக்கு ஒன்றுமே அகப்படவில்லை, அதை எடுத்துவிடலாமா?

எடுக்க வேண்டாம். மற்றப் பதினொரு பலகைகளையும் எப்படி எழுதுவது என்பதை அந்த வெறும் பலகைதான் சொல்லித் தரும். ஒன்றும் அகப்படவில்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகாது. நடந்ததை யாரோ திகதி போட்டு எழுதி, அடுத்த வருடமும் அதே நாளில் கூடினால்தான் அது வரலாறாக நிற்கும். இதற்கு ஸ்டோன்வோலை விடப் பெரிய சாட்சி கிடையாது.

1969 யூன் 28 அதிகாலை, நியூயோர்க்கின் கிறிஸ்டோபர் தெருவில் இருந்த ஸ்டோன்வோல் இன் என்ற மதுக்கடைக்குள் பொலிஸ் புகுந்தது. உள்ளே இருந்தவர்கள் கலைந்து போகாமல் எதிர்த்து நின்றார்கள். கலகம் சில இரவுகள் நீடித்தது. இதை ‘முதல் எழுச்சி’ என்று எழுதுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. 1965 முதல் ஒவ்வொரு யூலை 4ஆம் திகதியும் பிலடெல்பியாவில் சுதந்திர மண்டபத்துக்கு முன்னால் மறியல் நடந்துவந்தது. ஆண்கள் கோட்டும் ரையும், பெண்கள் பாவாடையும் உடுத்தித்தான் வரவேண்டும் என்பது அங்கே கட்டுப்பாடு. 1966 ஏப்ரல் 21இல் நியூயோர்க்கிலேயே ஜூலியஸ் என்ற மதுக்கடையில், தாங்கள் ஓர்பாலீர்ப்பினர் என்று வெளிப்படையாகச் சொல்லிப் பானம் கேட்டு ஒரு போராட்டம் நடந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவின் கொம்ப்டன் உணவகத்தில் பொலிஸ் கைவைத்தபோது, திருநங்கையர் கோப்பையும் தட்டும் எறிந்து கண்ணாடியை உடைத்துச் சண்டை போட்டார்கள். 1967 பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சல்ஸில் பிளாக் கற் என்ற மதுக்கடையில் நடந்த பொலிஸ் சோதனைக்கு எதிராக ஆட்கள் கூடினார்கள்.

இத்தனை இருக்க ஸ்டோன்வோல் மட்டும் ஏன் நிலைத்தது? எலிசபெத் ஆம்ஸ்ட்ரோங், சுசானா கிரேஜ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 2006இல் இந்த நிகழ்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தார்கள். அவர்களுடைய முடிவு எளிமையானது. நடந்தது நினைவுகூரத் தக்கது என்று அந்த ஊர் ஆட்களே கருதவேண்டும். அப்படிக் கருதினாலும், நினைவைத் தூக்கிச் செல்ல அமைப்பும் அச்சும் ஆள்பலமும் இருக்கவேண்டும். 1969இல் நியூயோர்க்கில் இரண்டும் இருந்தன. கலகம் ஓய்ந்த நான்கு மாதத்தில், அந்த நவம்பரில், கிழக்குக் கரை அமைப்புகளின் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது: யூலை 4 மறியலை விட்டுவிட்டு, ஒவ்வொரு யூன் கடைசியிலும் நியூயோர்க்கில் ஊர்வலம் போவது, மற்ற நகரங்களையும் அதே காலத்தில் செய்யும்படி கேட்பது. 1970 யூன் 28இல் ஊர்வலம் போனது. சிக்காகோவிலும் லொஸ் ஏஞ்சல்ஸிலும் அந்த வார இறுதியிலேயே நடந்தது. 1969ஐப் பெரிய ஆண்டாக்கியது 1970தான். நல்லூர்க் கொடியேற்றம் எப்போது என்று இங்கே யாரும் புத்தகம் பார்த்துச் சொல்வதில்லை. நாட்காட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்ட விடயத்தை மறக்க முடியாது.

கொம்ப்டனில் நடந்தது நேர்மாறு. நகரத்துப் பத்திரிகைகள் அதை எழுதவில்லை. அது ஓகஸ்டில் எந்த நாள் என்பது இன்றைக்கும் தெரியாது. 1972ஆம் ஆண்டு ஊர்வல நிகழ்ச்சி நிரலில் அச்சான ஒரு குறிப்பு, பல வருடம் கழித்து வரலாற்றாசிரியர் சூசன் ஸ்ட்ரைக்கரின் கையில் தற்செயலாக அகப்பட்டதால்தான் அந்த இரவு நமக்குத் தெரியவந்தது. ஒரு நிகழ்ச்சி நிரல், ஒரு சிறு குறிப்பு! உங்கள் கூட்டத்துக்கு அடித்த துண்டுப்பிரசுரத்தில் நாலு பிரதியைப் பத்திரமாக எடுத்து வையுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

ஸ்டோன்வோல் பலகையை எழுதும்போது இரண்டு கட்டுக்கதைகளைத் தவிருங்கள். மார்ஷா பி. ஜோன்சன் என்ற கறுப்பினத் திருநர் போராளி முதற் கல்லை எறிந்தார் என்று எல்லா இடத்திலும் ஓடுகிறது. அவரே பின்னாளில் ஒரு நேர்காணலில், தான் போய்ச் சேர இரவு இரண்டு மணியாகிவிட்டது, கலகம் அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது என்று சொன்னார். நடிகை ஜூடி கார்லண்டின் இறுதிச்சடங்குத் துயரம்தான் கலகமாக வெடித்தது என்பது இரண்டாவது. இறுதிச்சடங்கு யூன் 27இல் நடந்தது உண்மை, மற்றது பின்னால் ஒட்டவைத்தது. கட்டுக்கதையை எடுக்கிறோம் என்று மார்ஷாவையே எடுத்துவிடாதீர்கள். 1970இல் அவரும் சில்வியா ரிவேராவும் சேர்ந்து, தெருவில் நின்ற இளம் திருநர்களுக்கு இருப்பிடம் கொடுக்க அமைப்புத் தொடங்கினார்கள். 1973ஆம் ஆண்டு ஊர்வல மேடையில் சில்வியா சிறையில் கிடக்கும் தம்மவரைப் பற்றிப் பேச ஏறியபோது கூட்டமே ஊளையிட்டது. ஸ்டோன்வோலை நினைவுகூரக் கூடிய கூட்டம் அது. அந்த இடம் 2016 யூனில் அமெரிக்காவின் தேசிய நினைவுச்சின்னமானது. 2025 பெப்ரவரியில் அதன் அரச இணையப் பக்கத்திலிருந்து திருநர் என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். மூன்று திகதிகளையும், 1973, 2016, 2025, ஒரே பலகையில் அடுத்தடுத்து வையுங்கள். விளக்கம் எழுதத் தேவையில்லை.

ஐரோப்பாவுக்கு ஒரு பலகை போதும், அது பெர்லின். மக்னஸ் ஹிர்ஷ்பெல்ட் என்ற மருத்துவர் 1897இலேயே, ஆண்களிடையேயான உறவைக் குற்றமாக்கிய ஜேர்மன் தண்டனைச் சட்டத்தின் 175ஆம் பிரிவை நீக்கக் கோரி அமைப்புத் தொடங்கிக் கையெழுத்துச் சேர்த்தார். 1919இல் அவர் திறந்த பாலியல் ஆய்வு நிறுவனத்தை 1933 மே 6இல் நாசி மாணவர்கள் சூறையாடினார்கள். நாலு நாள் கழித்து அதன் நூல்கள் நகரச் சதுக்கத்தில் எரிந்தன. 1981இல் 97,000 நூல்கள் எரிந்த ஊரில் இதற்கு மேல் விளக்க வேண்டாம். ஆனால் ‘அங்கேயும் இங்கேயும் ஒன்றே’ என்று எழுதிவிடாதீர்கள், காரணங்கள் வேறு. பெர்லினில் பார்க்க வேண்டியது போருக்குப் பிறகு நடந்தது. நாசி வதைமுகாமில் ஓர்பாலீர்ப்பினர் என்ற அடையாளமாக இளஞ்சிவப்பு முக்கோணம் குத்தி வைத்திருந்தவர்கள் வெளியே வந்தும் வாய் திறக்க முடியவில்லை. மேற்கு ஜேர்மனியில் 175ஆம் பிரிவு நாசிக் காலத்து வடிவிலேயே 1969 வரை இருந்தது, முழுதாக ஒழிந்தது 1994இல். பெர்லினில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் 2008இல்தான் எழுந்தது. சட்டம் குற்றம் என்று சொல்லும் வரைக்கும் பாதிக்கப்பட்டவர் சாட்சி சொல்ல முடியாது, சாட்சி இல்லாமல் சின்னமும் எழாது. இலங்கையில் இன்றைக்கும் நாம் அந்த இடத்தில்தான் நிற்கிறோம்.

இலங்கைப் பலகையில் சட்டத்தை முதலில் வையுங்கள். 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, அதன் 365, 365ஏ பிரிவுகள். ஆள்மாறாட்டம் பற்றிய 399ஆம் பிரிவையும் சேருங்கள், அதைத் திருநர்மீது பாவித்திருக்கிறார்கள். 365 ‘இயற்கைக்கு மாறான’ குற்றம் என்றும், 365ஏ பாரதூரமான ஒழுக்கக்கேடு என்றும் பேசுகின்றன. முந்தையதற்குப் பத்து ஆண்டு வரையும், பிந்தையதற்கு இரண்டு ஆண்டு வரையும் சிறை. இரண்டையும் கலந்து ‘பத்து ஆண்டு’ என்று எழுதுவது பத்திரிகைகளில் அடிக்கடி நடக்கிறது.

1995க்கு ஒரு பலகையை முழுதாகக் கொடுங்கள். அந்த ஆண்டில் ஷெர்மன் டி றோஸ் கொழும்பில் கொம்பானியன்ஸ் ஒன் எ ஜேர்னி என்ற அமைப்பைத் தொடங்கினார். நாட்டில் இந்தத் தளத்தில் வெளிப்படையாக இயங்கிய முதல் அமைப்பு இதுதான் என்று பொதுவாகச் சொல்லுவார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் கடைசியில் 22ஆம் இலக்கச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியது. அதுவரை 365ஏ ஆணும் ஆணும் என்றே பேசியது. திருத்தம் ‘ஆண்’ என்ற சொல்லை எடுத்து ‘ஆள்’ என்று போட்டது. பிரிவையே நீக்கச் சொல்லிக் கேட்டார்கள். கிடைத்ததோ பால்சமத்துவம் என்ற பெயரில் பெண்களையும் குற்றவாளியாக்கிய ஒரு திருத்தம். அந்த ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணம் எங்கே இருந்தது? 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுதும் மூட்டை முடிச்சோடு மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தது. இந்தத் திருத்தத்தைப் பற்றி அந்தக் கிழமை யாழ்ப்பாணத்தில் யார் என்ன எழுதினார்கள் என்று தேடிப்போனால் ஏன் வெறுங்கையோடு திரும்புவீர்கள் என்பது இப்போது விளங்கும். உங்கள் யாழ்ப்பாணப் பலகையின் முதல் வரி இதுவாக இருக்கலாம்: கொழும்பில் சட்டம் மாறிய கிழமையில் இந்த ஊரில் ஊரே இருக்கவில்லை.

அடுத்து, அதிகம் பேசப்படாத ஒரு சிறு சம்பவம். 1999 ஓகஸ்டில் ஓர் ஆங்கில நாளேடு வாசகர் கடிதம் ஒன்றை அச்சிட்டது. பெண்விரும்பிப் பெண்களின் மாநாட்டுக்குள், வன்புணர்ச்சிக் குற்றவாளிகளை அவிழ்த்துவிட வேண்டும் என்றது கடிதம். ஷெர்மன் டி றோஸ் பத்திரிகைப் பேரவையில் முறைப்பாடு செய்தார். 2000இல் பேரவை முறைப்பாட்டைத் தள்ளுபடி செய்தது, பெண் ஓர்பாலுறவே குற்றம் என்றது, முறைப்பாடு செய்தவரையே 2,100 ரூபா கட்டச் சொன்னது. ஐந்து வருடம் முந்திய திருத்தம் இங்கேதான் பல்லைக் காட்டுகிறது. 1995ஐயும் 2000ஐயும் வேறு வேறு பலகையில் போட்டால் இந்தத் தொடர்பு அறுந்துவிடும். 365ஏயின் கீழ் தண்டனை பெற்றவர்கள் சிலர்தானே, சட்டம் தூங்கத்தானே செய்கிறது என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்: வழக்கே போடாமல் அது இப்படி வேலை செய்கிறது.

பிறகு வருபவற்றை வேகமாகச் சொல்லலாம். 1999இல் பெண்கள் ஆதரவுக் குழு, 2004இல் ரொசானா ஃபிளேமர்-கல்தேரா தொடங்கிய ஈக்குவல் கிரவுண்ட், 2005 முதல் கொழும்பில் பிரைட் என்ற பெருமிதக் கொண்டாட்டம். 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றுநிருபம் வந்தது. அதன்படி மனநல வைத்திய நிபுணர் பாலின அங்கீகாரச் சான்றிதழ் கொடுக்கலாம், அதைக் கொண்டு பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பிறப்புச் சான்றிதழில் பாலைத் திருத்தலாம். இதைச் ‘சட்டம்’ என்று எழுதாதீர்கள், இது நிர்வாக ஏற்பாடு. சுற்றுநிருபத்தை இன்னொரு சுற்றுநிருபத்தால் மாற்றலாம் என்பதால் வேறுபாடு முக்கியம். 2022இல், பெண்களுக்கு எதிரான பாரபட்சம் பற்றிய ஐ.நா. குழு, ஃபிளேமர்-கல்தேராவின் முறைப்பாட்டின்மீது, பெண்களிடையேயான உறவைக் குற்றமாக்கியது உடன்படிக்கையை மீறுவது என்று முடிவு சொன்னது. 1995இல் மாறிய அந்த ஒரு சொல்லுக்கு 27 ஆண்டுக்குப் பிறகு வந்த பதில். அதே ஆண்டு யூன் 25இல் காலிமுகத்திடல் போராட்டத்துக்குள் வானவில் கொடி ஊர்வலம் போனது.

நீதிமன்றம் பற்றி எழுதும்போது மூன்று இடத்தில் ஆட்கள் விழுகிறார்கள். 2016 நவம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் உறவை அரசு கண்காணிக்கக் கூடாது என்பது இன்றைய சிந்தனை என்று குறிப்பிட்டது. ஆனால் குற்றத்தீர்ப்பு அப்படியே நின்றது, சிறைத்தண்டனைதான் ஒத்திவைக்கப்பட்டது. 2023இல் இந்தப் பிரிவுகளைத் திருத்தப் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் டொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலத்தைப் பற்றி அதே நீதிமன்றம் மே மாதத்தில் சொன்னது, அது அரசியலமைப்புக்கு முரணில்லை என்பது மட்டுமே. ‘உயர் நீதிமன்றம் அனுமதித்தது’ என்று எழுதினால் சட்டமே மாறிவிட்டதாக வாசிப்பவர் நினைப்பார். 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தபோது சட்டமூலமும் போய்விட்டது. மூன்றாவது, சொல்லில் உள்ள கண்ணி: நமக்கு உயர் நீதிமன்றம் என்றால் நாட்டின் மேலான நீதிமன்றம், தமிழ்நாட்டில் அது மாநில நீதிமன்றம், அங்கே மேலானது உச்ச நீதிமன்றம். சென்னைப் பத்திரிகையில் இருந்து எடுத்து அப்படியே ஒட்டினால் பலகை முழுதும் குழம்பிவிடும். ‘இந்திய உச்ச நீதிமன்றம்’, ‘இலங்கை உயர் நீதிமன்றம்’ என்று நாட்டின் பெயரோடு எழுதிவிடுங்கள். அரசிதழ், வர்த்தமானிக்கும் இதே கதைதான்.

தமிழ்நாட்டுக்கு ஒரு பலகை. 2008 ஏப்ரல் 15இல் திருநங்கையருக்கு நலவாரியம் அமைந்தது. அந்த நாளே பிறகு அங்கே திருநங்கையர் தினமானது. இந்திய உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்ததும் ஏப்ரல் 15இல்தான், ஆனால் 2014இல். அந்தத் தீர்ப்பால்தான் தினம் வந்தது என்று பலரும் மாற்றி எழுதுகிறார்கள். ஓர்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியச் சட்டத்தின் 377ஆம் பிரிவுக்கு நாலு திகதி போதும்: 1860இல் சட்டம், 2009இல் டெல்லி நீதிமன்றம் அதைத் தளர்த்தியது, 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திரும்பக் கட்டியது, 2018 செப்டெம்பர் 6இல் அவிழ்த்தது. 2013ஐ விட்டுவிடாதீர்கள். வெற்றிகளை மட்டும் வரிசையாகப் போட்டால் வரலாறு படிக்கட்டு மாதிரித் தெரியும், ஏறினால் இறங்குவதே இல்லை என்பது போல. 2021 யூனில் மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த கட்டளைகளும் முக்கியம். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2022 ஓகஸ்டில் தமிழ்நாடு அரசு மரியாதையான சொற்களின் பட்டியல் ஒன்றை அரசிதழில் போட்டது.

அந்தச் சொற்கள் உங்கள் தேடலுக்கும் உதவும், ஆனால் தலைகீழாக. இன்றைக்கு நாம் பால்புதுமையினர், திருநர், தன்பாலீர்ப்பு என்று எழுதுகிறோம். ‘ஓரினச்சேர்க்கை’ செயலை மட்டும் சுட்டுகிறது, ‘ஈர்ப்பு’ ஆளைச் சுட்டுகிறது, அதனால் பின்னையது நல்லது. ஆனால் 1990களின் பத்திரிகையில் நல்ல சொல்லைத் தேடினால் ஒன்றும் வராது. ஓரினச்சேர்க்கை, அலி, பேடி, ‘இயற்கைக்கு மாறான’, ‘ஆண் வேடம்’, ‘பெண் வேடமிட்ட’ என்றெல்லாம் தேடவேண்டும். கெட்ட சொல் மேற்கோளுக்குள் இருக்கலாம். உங்கள் பட்டியலின் தலைப்பில் மட்டும் இன்றைய சொல்லைப் போடுங்கள். மேற்கோளுக்குள் திருத்தாதீர்கள், அந்தச் சொல்லே ஒரு சான்று. (பேடு என்ற சொல்லுக்கு நன்னூல் பால் வகுத்ததை, அதே நன்னூலைப் படித்து வளர்ந்த ஊரில் ஒரு ஓரத்தில் போடலாம். அதை மட்டும் வைத்துக்கொண்டு ‘அந்தக் காலத்தில் நமக்கு எல்லா உரிமையும் இருந்தது’ என்று மட்டும் எழுதாதீர்கள். இலக்கணத்தில் இடம் இருந்தால் தெருவில் இடம் இருந்தது என்று அர்த்தமில்லை.)

2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் ஈழத்துப் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் நிறையக் கிடக்கின்றன. அவற்றில் மிகப் பல பக்கப் படங்களாகத்தான் உள்ளன, எழுத்தைத் தேடினால் வராது. ஆகவே திகதியைப் பிடித்துத்தான் போகவேண்டும். மேலே உள்ள திகதிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு வந்த இரண்டு கிழமைப் பத்திரிகைகளை ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். ஆசிரியர் கடிதம், ‘கேள்வி பதில்’, வைத்திய ஆலோசனைப் பத்தி, நீதிமன்றச் செய்தி ஆகிய நான்கிலும்தான் பெரும்பாலும் அகப்படும், முதற் பக்கத்தில் அல்ல.

இனி ஆட்களிடம் போவது. இதில்தான் அதிக கவனம் வேண்டும். 365உம் 365ஏயும் உயிரோடு இருக்கும் நாட்டில், ஒருவர் தன் உறவைப் பற்றி ஒலிப்பதிவில் சொல்வது அவருக்கு எதிராகத் திரும்பக்கூடிய சான்று. வரலாறு சேகரிப்பவருக்குச் சட்டத்தரணிக்கு இருப்பது போன்ற பாதுகாப்பு இல்லை. அமெரிக்காவில் பொஸ்டன் கல்லூரி, வட அயர்லாந்துப் போராளிகளிடம் ‘நீங்கள் சாகும்வரை வெளியே விடமாட்டோம்’ என்று வாக்குக் கொடுத்துப் பதிவுசெய்தது. 2011இல் பொலிஸ் நீதிமன்றம் வழியாக அந்த ஒலிநாடாக்களைக் கேட்டது, ஒரு பகுதி கைமாறியது. கொடுக்க முடியாத வாக்கைக் கொடுக்காதீர்கள். உடலுறவு விபரம் கேட்கவே வேண்டாம். வரலாற்றுக்குத் தேவை அது அல்ல: எங்கே சந்தித்தார்கள், எப்படிக் கடிதம் போனது, யார் வீட்டில் இடம் கொடுத்தார்கள், எந்தத் தையற்காரர் கேள்வி கேட்காமல் சட்டை தைத்தார்.

சம்மதப் படிவத்தில் இரண்டு கையொப்பம் வாங்குங்கள், ஒன்று பதிவுசெய்ய, இன்னொன்று வெளியிட. முதலாவதைப் போட்டவர் இரண்டாவதைப் போடாமல் விடலாம். பேச்சை எழுதிக் கொடுத்து, வாசித்து, வெட்ட வேண்டியதை வெட்ட ஒரு மாதமாவது கொடுங்கள். பதிவின் பெயரில் ஆளின் பெயர் வராமல் ‘யா-07’ போல் எண் போடுங்கள். எண்ணுக்கு யார் என்பது ஒரே ஒரு கொப்பியில், பதிவுகள் இருக்கும் வீட்டில் அல்லாமல் வேறிடத்தில் இருக்கட்டும். பெயரை மாற்றினால் போதும் என்று நினைப்பது இங்கே பெரிய பிழை. யாழ்ப்பாணத்தில் ‘கொக்குவில், மூன்று தங்கச்சி, தபாற் கந்தோரில் வேலை’ என்றாலே ஆள் யார் என்று சொல்லிவிடுவார்கள். ஊர், தொழில், குடும்ப விபரம் மூன்றில் ஒன்றுக்கு மேல் வெளியே போகக் கூடாது.

வருடம் கேட்டால் ஒருவருக்கும் சரியாக நினைவு வராது. ‘1994ஆ 1996ஆ’ என்று கேட்காதீர்கள். இந்திய ஆமி வந்தபிறகா, இடப்பெயர்வுக்கு முன்னா பின்னா, ஏ9 பாதை திறந்த பிறகா, சுனாமிக்கு முன்னா, பாதை திரும்பப் பூட்டின காலமா என்று கேளுங்கள். 1987, 1995, 2002, 2004, 2006 என்று திகதி தானாக வந்து விழும்.

பதிவுக்குக் கைத்தொலைபேசியே போதும், ஆனால் 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், வேவ் வடிவில், ஒற்றைத் தடத்தில். ஒரு மணிநேரம் ஏறக்குறைய 520 மெகாபைட் வரும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். மேலே சுற்றும் மின்விசிறிதான் முதல் எதிரி. நிறுத்தினால் வியர்த்துக் கொட்டும், ஆகவே காலை எட்டு மணிக்குள் இருங்கள். பக்கத்துக் கோயிலில் திருவிழாவா என்று முதல் நாளே விசாரியுங்கள். ஒரு மணிநேரப் பேச்சைக் கையால் எழுத ஆறு முதல் எட்டு மணிநேரம் பிடிக்கும். இணையத்தில் தானாக எழுதித்தரும் செயலிகளுக்குள் போடாதீர்கள், பேச்சு யாருடைய கணினிக்குப் போகிறது என்று சொல்ல முடியாது.

காகிதங்களை 300 புள்ளி அடர்த்தியில், படங்களை 600இல் ஸ்கான் செய்து டிஃப் கோப்பாக வையுங்கள். ஏ4 நிறத்தாள் ஒன்று 300இல் 26 மெகாபைட்டளவு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொல்லாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த திகதியும் போய்விடும். ‘டொக்கியூமன்ற்’ ஆக அனுப்பினால் இரண்டும் நிற்கும். ஆனால் அப்படி வரும் கோப்பில் எடுத்த இடமும் பதிந்திருக்கலாம், வெளியிடும் பிரதியில் அதை அழியுங்கள். கோப்பின் பெயரை ஆண்டு-மாதம்-நாள் என்று தொடங்குங்கள். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். நமக்கு இது புதுப் பாடம் அல்ல.

மூலக் காகிதம் கையில் இருந்தால் துருப்பிடித்த குண்டூசி, கம்பிகளை எடுத்துவிடுங்கள், செலோரேப் ஒட்டாதீர்கள், பின்பக்கத்தில் பென்சிலால் மட்டும் எழுதுங்கள். கடை ரசீது, பஸ் ரிக்கெற் போன்ற வெப்பத்தாளில் எழுத்து சில வருடத்தில் வெளிறிவிடும், அதை முதலில் ஸ்கான் செய்யுங்கள். கார்த்திகை மழைக்கு முன்னால் எல்லாவற்றையும் நிலத்திலிருந்து ஒரு முழம் உயரத்தில், சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள், கறையான் சுவர் வழியாகத்தான் வரும். ஈரத்தோடு பொலித்தீன் பைக்குள் கட்டினால் ஒரு மாரியிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும். யாழ்ப்பாணத்தில் பிறந்த பல காகிதங்கள் இன்றைக்கு ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் அலுமாரிக்குள் கிடக்கின்றன. அங்கே உள்ளவர்களிடம் மூலத்தைக் கேட்காதீர்கள், ஸ்கானைக் கேளுங்கள்.

பலகை அச்சுக்கு வருவோம். ஏ1 அளவு போதும், பலகைக்கு 120 சொல்லுக்கு மேல் வேண்டாம், உடல் எழுத்து 26 புள்ளியாவது இருக்கட்டும். பலகையின் நடு தரையிலிருந்து ஒன்றரை மீற்றரில் வரவேண்டும். அச்சகத்தில் இன்னமும் பாமினி எழுத்துருவில் வேலை செய்வார்கள். உங்கள் யுனிகோட் உரையை அங்கே மாற்றும்போது ‘கொ’வின் கொம்பு ஓர் எழுத்துத் தள்ளிப் போய் நிற்கும். உரையைக் கொடுக்காதீர்கள், எழுத்துரு பதித்த பீடிஎப் கொடுங்கள், ஒரு பலகையை ஏ4இல் அடித்துப் பார்த்த பிறகு மற்றவற்றுக்குச் சம்மதியுங்கள். வானவில் கொடியையும் எண்ணிப் பாருங்கள். 1978 யூன் 25இல் சான் பிரான்சிஸ்கோவில் கில்பேர்ட் பேக்கர் பறக்கவிட்டதில் எட்டு நிறம். இளஞ்சிவப்புத் துணி தட்டுப்பாடானதால் அது போனது, பின்னர் நீலப்பச்சையும் போய் ஆறானது. அச்சகத்தில் விட்டால் பள்ளிக்கூட வானவில் மாதிரி ஏழு நிறம் போட்டுத் தருவார்கள்.

வெறுமையாக இருக்கும் யாழ்ப்பாணப் பலகைக்கு, 1987இல் வாஷிங்டனில் விரித்த எயிட்ஸில் இறந்தவர்களுக்கான நினைவுப் போர்வையிலிருந்து ஓர் அளவை எடுக்கலாம். ஒவ்வொரு துண்டும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு புதைகுழியின் அளவு. அந்த ஒக்டோபர் 11இல் 1,920 துண்டுகள் இருந்தன. அதே அளவில் வெள்ளைத் துணி ஒன்றைத் தொங்கவிட்டு, மேலே 1883, 1995, 2016, 2022 என்று நாலு திகதி மட்டும் போட்டு, இடையில் இடம் விடுங்கள். பக்கத்தில் பென்சிலும் சிறு துண்டுத் தாள்களும் பூட்டிய பெட்டியும் இருக்கட்டும். பெயர் எழுதச் சொல்லாதீர்கள், காலத்தை மட்டும் கேளுங்கள். வாசலில் ‘படம் எடுக்கவேண்டாம்’ என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒட்டுங்கள். மண்டபம் பிடிக்கும்போது தலைப்பை மறைக்காமல் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள், இல்லாவிட்டால் முதல் நாள் பின்னேரம் ‘இதுக்கெண்டு சொல்லேல்லையே’ என்று திறப்பைத் தரமாட்டார்கள்.

கண்காட்சி முடிந்த அன்றிரவே ஆட்கள் இல்லாமல் ஒவ்வொரு பலகையையும் நேராக ஒரு படம் எடுத்து, பெட்டியில் விழுந்த துண்டுகளை எண்ணி, பன்னிரண்டு பீடிஎப்களோடும் துண்டுப்பிரசுரத்தின் நாலு பிரதியோடும் ஒரு உறையில் போட்டு, மேலே திகதியும் இடமும் எழுதுங்கள். அடுத்த வருடம் எந்த நாள் என்றும் அதிலேயே எழுதிவிடுங்கள்.